வெறும் அமிலம்

புரட்டாசி 5, ஞாயிறு

என் எழுத்து ஏறியும் இறங்கியும்தான் போகும். நோட்டில் கோடு இருக்கிறது. என் எழுத்து அதை மதிப்பதில்லை. ‘ழ’ போடும்போது பேனா வழுக்கி அடுத்த வரிக்குள் புகுந்துவிடுகிறது. யார் கையில் இந்த நோட்டு கிடைத்தாலும் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும். எழுதியவனும் பொறுத்துத்தான் எழுதுகிறான்.

என் பெயர் அணைஞ்சபெருமாள். கல்லூரியில் வேதியியல் துறை அட்டெண்டர். வயது அறுபத்தாறு. தனியார் கல்லூரி என்பதால், என்னை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் இன்னும் ஞாபகம் வரவில்லை.

இரும்புத் தட்டுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. அஞ்சல் தலை போன்ற சின்னத் தட்டுகள். தேய்த்துத் தேய்த்து என் பெருவிரலில் ரேகை போய்விட்டது. போன வருடம் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் மாட்டினார்கள். நான் விரல் வைத்தால் உள்ளேயிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ கண்டிப்பாள். “அப்பம் கையெழுத்துப் போடுங்க” என்றார்கள் ஆபீஸில். படிக்காதவன் கைநாட்டு வைக்கலாம். கைநாட்டும் விழாதவன் படித்துத்தான் ஆக வேண்டும். மரகதம் டீச்சரின் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். நாள்காட்டி படிக்கிறேன். என் மனைவி ஆவுடை, “மாவுப் பாக்கெட்ட வச்சிக்கிட்டு அரை மணி நேரமா என்ன செய்தீரு? இட்லிக்கு எப்பம் வரும்?” என்கிறாள். முழுவதும் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

படிக்கத் தெரிந்ததும் ஆசையாக ஆய்வகத்துப் புட்டிகளிடம் போனேன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

புரட்டாசி 9, வியாழன்

துறையில் என்ன நடக்கிறது என்று எழுதிப் பார்க்கச் சொன்னார் டீச்சர்.

பெரிய குழாய்களுக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் உப்புப் படிந்தால் அமிலம் ஊற்றிக் கழுவுவார்களாம். அமிலம் உப்பைத் தின்றுவிட்டு, அடங்காமல் இரும்பையும் தின்னும். அதைத் தடுக்க ஒரு சரக்கு சேர்க்க வேண்டும். அந்தச் சரக்கை இலையிலிருந்து எடுத்தால் யாருக்கும் கேடில்லை. இதுதான் எங்கள் துறையின் ஆராய்ச்சி. இலையை நிழலில் காய வைத்து, பொடித்து, கொதிக்க வைத்து, சாற்றை அமிலத்தில் ஊற்றி, தட்டை எடை போட்டு உள்ளே இறக்குவார்கள். பிறகு எடுத்து மறுபடி எடை போடுவார்கள். குறைவாகக் கரைந்திருந்தால் இலை நல்ல இலை. ஆராய்ந்தவர் டாக்டர்.

சாறு எப்படித் தடுக்கிறது என்று எங்கள் ஆராய்ச்சி மாணவி கனி எனக்குச் சொன்னாள். “இலையில சில சேர்மம் இருக்கு தாத்தா. அது இரும்பு மேல போய் ஒட்டிக்கிடும். அமிலத்துக்கு உள்ள வர இடம் இருக்காது.” புரிந்துவிட்டது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான்.

துறைத் தலைவர் திருவாழி சார்தான் இதற்கெல்லாம் வழிகாட்டி. வேப்பிலையில் மூன்று பேரை டாக்டர் ஆக்கினார். ஆவாரம் பூவில் ஒருவர், இலையில் ஒருவர், காயில் ஒருவர். அந்த மூவரும் ஒரே செடியின் பங்காளிகள் என்பதால் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வளாகத்தில் பட்டம் வாங்கித் தராத செடி இனி முளைத்தால்தான் உண்டு. எந்த இலையைப் போட்டாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்தான் தடுக்கும். துறையின் ஜன்னல் கம்பி மட்டும் துருப்பிடித்து உதிர்கிறது. கேட்டால் சார், “அது நிர்வாகத்துக்க வேலை” என்பார்.

சார் சிக்கனக்காரர். சாறு சேர்க்காத வெறும் அமிலத்தில் தட்டு எவ்வளவு கரையும் என்றும் பார்க்க வேண்டுமாம். அதற்கு ‘பிளாங்க்’ என்று பெயர். அதோடு ஒப்பிட்டுத்தான் இலை நூற்றுக்கு எவ்வளவு தடுத்தது என்று கணக்குப் போடுவார்கள். அதை முதல் டாக்டர் காலத்தில் ஒரு தடவை செய்து பார்த்தார்கள். அந்த எண்ணையே இன்று வரை எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். வீண் செலவு கிடையாது.

எஸ்தர் கனிக்குக் கிடைத்த செடி பேய்மிரட்டி. குளத்தங்கரையில் நானே காட்டினேன். “பேயை விரட்டுகது துருவை விரட்டாதா வே?” என்றார் சார். ஆனால் அது அறுபத்திரண்டுக்கு மேல் விரட்ட மாட்டேன் என்கிறது. கனி திரும்பத் திரும்பச் செய்கிறாள். திரும்பத் திரும்ப அறுபத்திரண்டு.

“இதை எந்தப் பத்திரிகைல போடுவான்?” என்று சார் இன்று எரிந்து விழுந்தார். “ஆவாரம் எல்லாம் தொண்ணூத்தஞ்சு குடுத்துது. நீ செய்யும்போ மட்டும் இலைக்கு என்ன கேடு?”

தை மாதத்தோடு அவள் பதிவு முடிகிறது. அதற்குள் சார் கையெழுத்துப் போட்டு ஆய்வேட்டை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடப் பாடு தண்ணீரில் போகும். பட்டம் வந்தால் அவளை எடுக்கலாம் என்று எங்கள் கல்லூரியில் வைத்திருக்கும் வாத்தியார் வேலையும் வேறு ஆளுக்குப் போகும்.

புரட்டாசி 14, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை, விடுமுறை. இன்றைக்கே துறையில் கும்பிட்டுவிட்டோம்.

கனி காலையிலேயே ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, “தாத்தா, தட்டையெல்லாம் கழுவி எடை போட்டுக் கண்ணாடி ஜாடிக்குள்ள வச்சிருக்கேன். வந்த உடனே அமிலத்துல போடணும். பத்திரம்” என்றாள். பத்திரமாக வைக்க எனக்குச் சொல்ல வேண்டுமா?

தராசுக்குச் சந்தனம், குங்குமம். அடுப்புக்கு மாலை. இடுக்கிகளுக்குப் பொட்டு. கனியின் தட்டுகள்தான் இந்த வருடம் அதிகமாகப் பாடுபட்டவை. பூஜைக்கு வீட்டில் அரிவாளுக்குச் செய்வது போல ஒவ்வொன்றுக்கும் விளக்கெண்ணெய் பூசித் துடைத்து, நுனியில் சின்னப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கினேன். தேங்காயை சார் உடைத்தார். இரண்டாம் அடியில் உடைந்தது.

இந்த வருடம் ‘ஓம்’ என்று நானே கரும்பலகையில் எழுதினேன்.

புரட்டாசி 20, திங்கள்

பொட்டைத் துணியால் துடைத்து, தட்டுகளை ஜாடிக்குள் பழையபடி வைத்தேன். கனி வந்து, நாளுக்குச் சில தட்டுகள் என்று இடுக்கியால் எடுத்து அமிலத்தில் இறக்க ஆரம்பித்தாள்.

புரட்டாசி 23, வியாழன்

தொண்ணூற்றெட்டு.

கனி தராசை மூன்று முறை துடைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “தாத்தா, இந்த எண்ண வாசிங்க” என்றாள். எண் எனக்கு முதலிலிருந்தே நன்றாக வரும். வாசித்தேன். சார் கனியின் தலையில் கை வைத்து, “நான் சொன்னேம்லா” என்றார். எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாருக்கும் ஜாங்கிரி வந்தது.

ஐப்பசி 2, ஞாயிறு

நாளை தீபாவளி. ஆவுடை முறுக்குச் சுற்றுகிறாள். நான் பேப்பர் படிக்கிறேன்.

பேப்பரில் எங்கள் சார். ‘துருவுக்கு எமன் பேய்மிரட்டி: பேராசிரியர் சாதனை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கொட்டை எழுத்தைச் சீக்கிரம் படித்துவிடலாம். கீழே பொடி எழுத்தில் ‘அவரது மாணவி’ என்று கனி வருகிறாள்; பெயர் போடவில்லை. கார்த்திகையில் கல்லூரி அரங்கில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் செய்து காட்டப் போகிறார்களாம். பார்க்க வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வருவாராம்.

குளத்தங்கரையில் பேய்மிரட்டி ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் வேனில் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐப்பசி 14, வெள்ளி

மறுபடி செய்தால் அறுபத்திரண்டு. இன்னொரு முறை அறுபத்தொன்று. கனி சரியாகச் சாப்பிடுவதில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள்.

“இலைய எப்பம் பறிச்ச? அன்னைக்கு என்ன கிழமை?” என்று சார் கேட்கிறார்.

ஐப்பசி 20, வியாழன்

இன்றைக்கு அதிகம் எழுத வேண்டும். கை வலித்தால் நிறுத்துவேன்.

மதியம் கனி என் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நான் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“தாத்தா, லீவுல ஜாடிய யாரும் திறந்தாவளா?”

“யாரும் இல்லம்மா. நான்தான்.”

“நீங்க எதுக்குத் திறந்திய?”

பூஜையைப் பற்றி எல்லாம் சொன்னேன். பொட்டு வைத்தது, மாலை போட்டது, ‘ஓம்’ எழுதியது. விளக்கெண்ணெய் என்று சொன்னதும் அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“எல்லாத் தட்டுக்குமா?”

“உன் தட்டுன்னா விடுவனா? ரெண்டு தடவ பூசினேன்.”

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

“துண்டு போட்டு இடம் பிடிச்சது பேய்மிரட்டி இல்ல தாத்தா. உங்க விளக்கெண்ணெய்.”

என் உப்புத்தாள் கீழே விழுந்துவிட்டது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். “நீங்க கும்பிட்டிய, அவ்வளவுதான். தொட்டுப் பாக்காம இறக்கினது நான்” என்றாள்.

பிறகு எழுந்து போய் இதுவரை யாரும் செய்யாத ஒரு வேலை செய்தாள். எண்ணெய் படாத தட்டு ஒன்றை எடுத்து, சாறு சேர்க்காத வெறும் அமிலத்தில் இறக்கினாள். எப்போதும் ஊறும் நேரம் கணக்காக ஊற விட்டு, சாயங்காலம் எடை போட்டாள். முதல் டாக்டர் எழுதி வைத்த அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கரைந்திருந்தது. அப்போதைய இரும்பு வேறு கடை, இப்போதைய இரும்பு வேறு கடை.

“அப்படின்னா?” என்று கேட்டேன்.

“அப்படின்னா என் அறுபத்திரண்டும் அறுபத்திரண்டு இல்ல. முப்பதுக்குப் பக்கத்துல வரும். இரும்பு மாறின பிறகு வந்த மத்தவங்க தொண்ணூத்தஞ்சும் தொண்ணூத்தஞ்சு இல்ல.” அந்தத் தட்டைத் துடைத்து ஓரமாக வைத்தாள். “ரெண்டு தட்டுக்கும் எல்லாத்தையும் ஒண்ணு போலச் செய்யணும் தாத்தா. சாறு மட்டும்தான் வித்தியாசமா இருக்கணும். அது ஒண்ணுதான் இந்தப் படிப்பு. வேற ஒண்ணுமே இல்ல.”

அந்த வாக்கியத்தை இங்கே எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதனால் மறக்காது.

ஐப்பசி 23, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. தேங்காய் துருவினேன்.

ஐப்பசி 27, வியாழன்

கனி சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்து அறையில் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவர் இருக்கிறது, ஆனால் சார் குரலும் இருக்கிறது.

“விளக்கெண்ணெயா?”

“ஆமா சார். பேப்பர்ல வந்தது தப்புன்னு சொல்லிருவோம். பிளாங்க்கும் தப்பு சார். நாம எல்லாத்தையும் திரும்ப—”

“நாமன்னு சொல்லாத. முன்ன இருந்தவனெல்லாம் பட்டம் வாங்கி, கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டியோட இருக்கான். பிளாங்க்க நோண்டி அவனுக்க குடும்பத்தக் கெடுக்கணுமா?”

“செஞ்சு காட்டுற அன்னைக்கு என்னால தட்டு இறக்க முடியாது சார்.”

“நீ இறக்க வேண்டாம். நான் இறக்குதேன். தையில உனக்குக் கையெழுத்து வேணுமா வேண்டாமா, அத மட்டும் யோசிச்சிக்கோ.”

கனி வெளியே வந்து, துரு உதிரும் ஜன்னல் பக்கத்தில் நின்றாள். ஒரு கையெழுத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவளும் அதற்காகத்தான் நிற்கிறாள். ஆனால் அவளுக்கு வேண்டியது அடுத்தவர் போட வேண்டிய கையெழுத்து. அது இன்னும் கஷ்டம்.

கொஞ்ச நேரத்தில் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் முறை.

“வே, அணைஞ்சபெருமாள். செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சிக்கு முன்ன ஒரு சின்ன பூஜை போட்டுரும். ஆயுத பூஜைக்கு எப்படிப் போட்டீரோ, அப்படியே.”

“அது புரட்டாசில வாறது சார். இப்பம் கார்த்திகை பிறந்திருமே.”

“சாமிக்கு ஏது வே மாசம்? அதே எண்ணெயா இருக்கட்டும்.”

சார் இன்னும் ஒரு வரி சொன்னார். அதை எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

கார்த்திகை 2, செவ்வாய்

வந்த நிபுணர் ஒரு அம்மா. டாக்டர் வசுமதி. வெள்ளை முடி, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. எண்ணெய்க் குழாய்களோடு வேலை செய்தவராம். வந்ததும் மாலை போட வந்தார்கள். “அத அந்தத் தராசுக்குப் போடுங்க, பாவம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேடையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் பேய்மிரட்டிச் சாறு கலந்த அமிலம். இன்னொன்றில் வெறும் அமிலம். காலையிலேயே சொன்னபடி பூஜை போட்டு முடித்து, இரண்டு தட்டுகளையும் ஒரு வெள்ளைத் துணியில் எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன்.

சார் மைக்கில், “சாறு இருக்கிற ஜாடியில் தட்டு அமைதியாக இருக்கும். வெறும் அமிலத்தில் இருப்பது உடனே நுரைத்துப் பொங்கும், கவனியுங்கள்” என்று சொல்லி இரண்டையும் இறக்கினார்.

சாற்றில் இருந்த தட்டு அமைதியாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

வெறும் அமிலத்தில் இருந்த தட்டும் அமைதியாக இருந்தது. அதற்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

சார் குனிந்து பார்த்தார். ஜாடியை விரலால் தட்டினார். தட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்தவர் போல அசையாமல் கிடந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. “கொஞ்சம் நேரம் எடுக்கும்” என்றார் சார். கொஞ்சம் நேரம் எடுத்தும் பார்த்தோம். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டது மைக்கில் கேட்டது.

வசுமதி அம்மா எழுந்து வந்தார். “சார், ரொம்ப நல்ல இலை. போடாமலே வேலை செய்யுது.”

அரங்கம் சிரித்து அடங்குவதற்குள் அவர் வெறும் அமிலத்துத் தட்டை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் கழுவி, விரலால் தடவி, மோந்து பார்த்தார். “விளக்கெண்ணெய். யார் பூசினது?”

சார் என் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். “வே, சாத்துல போடுற தட்டுக்கு மட்டும்னுதானே சொன்னேன்.”

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அதையும் எல்லாரும் கேட்டார்கள்.

நான் எழுந்து நின்று, “நான்தாம்மா பூசினேன். பூஜை போடச் சொன்னாங்க” என்றேன்.

“சரி. ஏன் ரெண்டுக்கும் பூசினீங்க?”

“ஒண்ணுக்குப் பூசி ஒண்ண விடலாமாம்மா? ரெண்டுக்கும் எல்லாம் ஒண்ணு போல இருக்கணும், சாறு மட்டும்தான் வித்தியாசமா இருக்கணும்னு சொன்னாங்களே.”

“யாரு சொன்னா?”

நான் கனியைப் பார்த்தேன். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்து நடந்து மேடைக்கு வந்தாள். சாரைப் பார்த்தாள். பிறகு மைக்கைத் தொடாமலே, இருக்கிற குரலில், எண்ணெயிலிருந்து பிளாங்க் வரைக்கும் சொன்னாள். தன் இலை முப்பதுக்குப் பக்கம்தான் தடுக்கும் என்பதையும் சொன்னாள். ஆவாரம் பங்காளிகள் மூவரும் வந்திருந்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சொன்னேன். “சார் ஒரு தட்டுக்குன்னு சொன்னது உம்ம காதுல விழல்லியா?” என்று கேட்டாள்.

வயசாகிவிட்டது என்றேன்.

கார்த்திகை 5, வெள்ளி

வசுமதி அம்மா போவதற்கு முன் சாருடைய அறையில் உட்கார்ந்து, கனிக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். சார் முன்னால் காகிதத்தை நகர்த்திவிட்டுத் தன் பேனாவையும் கொடுத்தார். சார் கையெழுத்துப் போட்டார். நான் காபி கொண்டுபோயிருந்ததால் பார்த்தேன். சாருடைய கையெழுத்தும் கோட்டை விட்டு இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“முப்பதுன்னா யாரும்மா மதிப்பாங்க?” என்று கனி கேட்டாள்.

“முப்பதுன்னு எழுதின ஆளு எங்க துறையில ரொம்பக் கம்மி. அதனாலயே எல்லாரும் வாசிப்பாங்க” என்றார் அந்த அம்மா. வாத்தியார் வேலை அதுவரை காத்திருக்காது என்று கனிக்குத் தெரியும். “அது போனா போட்டும் தாத்தா” என்றாள். ஆனால் அந்த வேலைக்கான அறிவிப்பு ஒட்டியிருக்கும் பலகையை இன்னும் தாண்டிப் போக மாட்டேன் என்கிறாள், சுற்றிப் போகிறாள்.

கார்த்திகை 14, ஞாயிறு

திருவாழி சாரை லேசாக நினைக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து, “இலையெல்லாம் பழசு. இனி எண்ணெய்” என்று சொல்லிவிட்டார். ஒரு பையனுக்கு விளக்கெண்ணெய், ஒரு பெண்ணுக்கு நல்லெண்ணெய். இலுப்பெண்ணெய்க்கு இரண்டு பேர் சண்டை. பூசித் துடைப்பதற்கு ‘முன்பதப்படுத்துதல்’ என்று பெயர் வைத்திருக்கிறார். பொட்டு வைப்பது சேருமா என்று ஒரு பையன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான். பிளாங்க்குக்கு, பழைய எண்ணே போதுமாம்.

ஜன்னல் கம்பியில் இன்னொரு துண்டு உதிர்ந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாக அணில் வருகிறது.

கனி தன் மேஜையை ஓரமாக இழுத்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். புதுத் தட்டுகள் வந்திருக்கின்றன. இந்த வாரம் முழுவதும் தேய்த்தேன். அதனால்தான் எழுத்து இன்னும் கோணல்.

நேற்று அவள் ஒரு வெள்ளைத் தாளும் பசையும் கொண்டுவந்து, “தாத்தா, இந்த ஜாடிக்கு நீங்கதான் பேர் எழுதணும். தமிழ்லயே எழுதுங்க” என்றாள்.

சாறு எதுவும் சேராத ஜாடி. ‘வெறும் அமிலம்’ என்று எழுதினேன். ‘று’வின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. ஒட்டிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆய்வகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே புட்டி அதுதான். வாசலில் நின்றே படிக்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை தட்டை இறக்குகிறோம். எண்ணெய் இல்லை, பொட்டு இல்லை. கும்பிடுவதை மனதுக்குள் வைத்துக்கொள்வேன். எவ்வளவு கரைந்தது என்பதை, என்ன எண் வந்தாலும் அந்த எண்ணையே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதி வைக்கிறேன்.